பனையேறிக் கெண்டை

சுரண்டை வட்டாரத்தில் பனையேறி என்றதும் நம் நினைவுக்கு வருபவர், அரிவாள் பெட்டியும் தளைநாருமாய் விடியுமுன் மரமேறும் மனிதர். தமிழ் இப்பெயரை ஒரு சிறு குளத்து மீனுக்கும் வழங்கியிருக்கிறது. பனையேறிக் கெண்டை என்னும் அம்மீன் ஒருகாலத்தில் ஐரோப்பிய அறிஞர்களையே வியப்பில் ஆழ்த்தியது.

டேனியர் வசமிருந்த தரங்கம்பாடியில் 1791 நவம்பரில், டால்டார்ஃப் என்னும் படை அதிகாரி, குளக்கரைப் பனையொன்றின் வெடிப்பில் இம்மீனைக் கண்டார். நீர்மட்டத்திலிருந்து ஐந்தடி உயரத்தில் இருந்த அது மேலும் ஏற முயன்றதாக அவர் எழுதினார். லண்டன் லின்னேயன் கழகம் 1797இல் அதை அச்சிட்டது. அவர் சூட்டிய லத்தீன் பெயருக்கும் 'ஏறுவது' என்றே பொருள். அவ்வூரில் வாழ்ந்த ஜான் என்னும் பாதிரியாரும் இம்மீன் பனையேறும் என்றார். தமிழ்ப் பெயரையும் பதிவு செய்தார்.

ஆனால் மற்றவர்கள் தேடியபோது மீன் மரமேறவில்லை. வியப்பு மெல்ல ஏளனமாயிற்று.

மீனின் இயல்பை ஆராய்ந்தால் உண்மை புலப்படும். செவுளுக்கு மேலுள்ள அறையில் மடிப்பு மடிப்பான ஓர் உறுப்பு இருக்கிறது. அதன்வழி இம்மீன் காற்றைச் சுவாசிக்கிறது. மேலே வந்து காற்றை விழுங்க விடாமல் தடுத்தால் நீருக்குள்ளேயே மூச்சுத்திணறி இறந்துவிடும். குளம் வற்றினாலோ மழை பெய்தாலோ, செவுள்மூடியின் முட்களைத் தரையில் ஊன்றி, வாலால் உந்தி, ஈரநிலத்தில் அடுத்த நீர்நிலை தேடிச் செல்லும்.

இந்திய மீன்களின் காற்றுச் சுவாசம் பற்றி 1927இல் விரிவாக எழுதிய பி. கே. தாஸ் இப்புதிருக்கும் விடை சொன்னார். தரையில் ஊரும் மீனைக் காகமும் பருந்தும் கவ்விச் சென்று மரத்தில் விட்டுவிடுகின்றன. எளிதில் சாகாத மீன் அங்கே உயிரோடு நெளிகிறது.

எனவே டால்டார்ஃப் பொய்யுரைத்தார் என நாம் கருத வேண்டியதில்லை. கண்டது மெய், கண்டதற்குக் கற்பித்த காரணமே பிழை. அப்பெயரை முதலில் இட்டவர் யாரென்று எந்த ஏடும் சொல்லவில்லை. ஆயினும் பனையுச்சியில் உயிருள்ள மீனைக் காணும் வாய்ப்பு, மரமேறும் மனிதருக்கன்றி வேறு யாருக்கு மிகுதியாய் வாய்த்திருக்கும்? தன் தொழிற்பெயரையே அவர் அதற்கு ஈந்திருக்கலாம் என எண்ணுவது நமக்கு உவப்பாயிருக்கிறது.

பேரினப் பெயரான 'அனபாஸ்' என்பதும் ஏறுதலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லடியாகப் பிறந்ததே. விளக்கம் மாறிவிட்டது; பெயர் இன்னும் மரத்திலிருந்து இறங்கவில்லை.