மண்டபம் கேம்பில் கருப்பு பாட்டில், வெள்ளை பாட்டில்

ராமேஸ்வரம் ரயில் பாம்பன் பாலத்தைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னாடி மண்டபம் கேம்ப் வரும். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன நம்ம தொழிலாளர்களைத் தங்கவைத்துச் சோதித்து அனுப்பிய முகாம் அது. 1947ல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1949ல் அங்கே குடியேறியது. 1971 வரை தலைமையகமும் அங்கேதான்.

அரசாங்கத்துக்கு வேண்டியது மீன் கணக்கு. ஆனால் மீன் எதைத் தின்கிறது, அது எதைத் தின்கிறது என்று இறங்கிக்கொண்டே போனால், கடைசியில் வெயிலைச் சாப்பிடும் நுண்பாசியில் போய் நிற்கும். அது ஒரு நாளைக்கு எவ்வளவு கார்பனைப் பிடிக்கிறது? பாசியை இனம் பிரிக்கத் தெரிந்தவருக்கும் மைக்ரோஸ்கோப் இதைச் சொல்லாது. இங்கேதான் உயிரியல் படித்தவர் பியூரெட்டைக் கையில் எடுக்க வேண்டி வந்தது.

முறை 1927ல் நார்வேயின் கார்டெரும் கிரானும் கொடுத்தது. ஒரே கடல்நீரை இரண்டு பாட்டிலில் பிடித்து, ஒன்றை வெளிச்சம் புகாமல் மூடி, இரண்டையும் கடலுக்குள் தொங்கவிட வேண்டும். வெள்ளையில் ஒளிச்சேர்க்கையும் சுவாசமும், கருப்பில் சுவாசம் மட்டும். ஆக்ஸிஜன் வித்தியாசம்தான் விடை. ஆக்ஸிஜனை அளப்பது 1888ன் விங்க்லர் டைட்ரேஷன்: மாங்கனீஸ் உப்பு, காரம் கலந்த அயோடைடு, பிறகு அமிலம், கடைசியில் தயோசல்ஃபேட். ஸ்டார்ச்சின் நீலம் மறையும் அந்த ஒரு சொட்டு தப்பினால் கடலின் வளமே மாறிவிடும்!

அடுத்து கணக்கு. 32 கிராம் ஆக்ஸிஜனுக்கு 12 கிராம் கார்பன் என்றால் பெருக்க வேண்டிய எண் 0.375. ஆனால் பாசி சர்க்கரை மட்டுமா செய்கிறது? கொழுப்பும் புரதமும் செய்தால் அதே கார்பனுக்கு ஆக்ஸிஜன் கூடுதலாக வரும். விகிதத்தை 1.25 என்று எடுத்தால் அந்த எண் 0.3 ஆகிவிடும். நம்ம பாஷையில் சொன்னால், கோடு அதேதான், ஒரு கான்ஸ்டன்ட் மாறியதும் விடை ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது.

மண்டபத்தில் ஆர். ஜெயராமன் மன்னார் வளைகுடா, பாக் விரிகுடா நீரின் உப்பு, ஆக்ஸிஜன், சத்து உப்புகளைப் பருவம் பருவமாக அளந்து 1954ல் எழுதினார். மிதவை உயிரிகளை ஆராய்ந்த ரகு பிரசாத், பி.வி. ராமச்சந்திரன் நாயருடன் சேர்ந்து மன்னார் வளைகுடாவின் கரிம உற்பத்தி பற்றி 1963ல் கட்டுரை வெளியிட்டார். வேதியியலும் உயிரியலும் ஒரே வளாகத்தில் இருந்தது சின்ன விஷயமில்லை என்பது என் எண்ணம்.

அதே காலத்தில் அமெரிக்காவின் அர்பானாவில் இதன் இன்னொரு வடிவம். அலகாபாத்தில் தாவரவியல் படித்த கோவிந்த்ஜீ அங்கே எமர்சனிடம் சேர்ந்தார். 1959ல் எமர்சன் விமான விபத்தில் இறந்துபோக, இயற்பிய வேதியியலாளர் ரபினோவிச்சிடம் 1960ல் டாக்டர் பட்டத்தை முடித்தார். 1969ல் இருவரும் சேர்ந்து ஒளிச்சேர்க்கை பற்றி ஒரு புத்தகமே எழுதினார்கள்.

சத்து குறைந்த வெப்பமண்டல நீரில் சில மணி நேரத்து ஆக்ஸிஜன் மாற்றம் டைட்ரேஷன் கண்ணுக்கே படாது. அதற்காக டென்மார்க்கின் ஸ்டீமன் நீல்சன் 1952ல் கதிரியக்கக் கார்பன்-14 முறையைக் கொண்டுவந்தார். நுணுக்கம் கூடியது. ஆனால் அது அளப்பது பாசி செய்த மொத்தத்தையா, சுவாசம் போக மிஞ்சியதையா என்கிற சண்டை அப்போதே ஆரம்பித்துவிட்டது, இன்னும் ஓயவில்லை.