அச்சில் கூடிய மன்றமும் திரையில் கூடாத வகுப்பும்

கொவிட் பரவலால் 2020 ஏப்ரல் 8ஆம் தேதி சிங்கப்பூர்ப் பள்ளிகள் அனைத்தும் வீட்டிலிருந்து கற்றலுக்கு மாறின. பாடங்கள் பெரிதாகத் தடைபடவில்லை. 2018 முதல் மாணவர் கற்றல் தளம் இருந்தது, ஸூம் இருந்தது, கணினி இல்லாத பிள்ளைகளுக்குப் பள்ளிகளே இரவல் கொடுத்தன. தடைபட்டது வேறொன்று. வகுப்பு முடிந்ததும் பக்கத்துப் பிள்ளையிடம் திரும்பி, “உனக்குப் புரிந்ததா?” என்று கேட்கும் அந்த இரண்டு நிமிடம் இல்லாமல் போயிற்று.

அதற்கு ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்கு முன்பு, இதே ஊரிலிருந்து வந்த ஒரு நாளிதழ், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திராத தமிழ்ப் பிள்ளைகளைத் தோழர்களாக்கியது. 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசு, 1950களின் தொடக்கத்தில் மாணவர்களுக்கென்றே ‘மாணவர் மணிமன்ற மலர்’ என்ற பகுதியை வெளியிட்டது. இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பது பழம்பெருமை பேசுவதற்காக அன்று. தொலைவில் இருக்கும் மாணவர்கள் எப்படி ஒருவருக்கொருவர் உறவாகிறார்கள் என்ற கேள்விக்கு, நம் கையிலேயே இருக்கும் விடையை நாம் படிக்கவில்லை என்பதால்தான்.

வசதி என்று பார்த்தால் மணிமன்றத்துக்கு எதுவுமே இல்லை. கட்டுரையோ கவிதையோ எழுதித் தபாலில் அனுப்ப வேண்டும். அச்சில் வருமா என்று காத்திருக்க வேண்டும். ஆனால் வந்தபோது அதைப் படித்தவர்கள் யார்? சிங்கப்பூர் நகரத்துப் பையன் எழுதியதை மலாயாத் தோட்டத்துப் பெண் படித்தாள். அவள் எழுதியதை அவன் படித்தான். ஆசிரியர் குழு திருத்தியது, தேர்ந்தது. ஆனால் மாணவர் படித்தது சக மாணவரின் எழுத்தை. “நம் வயதில் ஒருவர் இப்படி எழுதுகிறாரே” என்ற வியப்பும், லேசான பொறாமையும், நாமும் எழுதுவோம் என்ற வேகமும் அங்கேதான் பிறந்திருக்க வேண்டும்.

அதே காலத்தில் கோலாலம்பூரில் தமிழ் நேசன் ‘கதை வகுப்பு’ நடத்தியது. சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் செய்தித்தாள் வழியாகவே சிறுகதை எழுதக் கற்றுக்கொடுத்தார்கள். தொலைக்கல்வி என்ற பேச்சு நம்மிடையே பரவுவதற்கு வெகு முன்பே நடந்த தொலைக்கல்வி அது.

மணிமன்றம் தாளோடு நின்றுவிடவில்லை என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. படித்தவர்கள் தத்தம் ஊரில் கூடி மணிமன்றங்களை அமைத்துக்கொண்டார்கள். கூட்டம் நடத்த ஒரு தலைவர், செயலாளர், பொருளாளர் வேண்டும். பேச ஆள் வேண்டும். நாற்காலி போடவும் ஆள் வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஏதோ ஒரு வேலை இருந்தது. மாணவர் மலரில் முளைத்த அந்த மன்றங்கள் மலேசியாவில் தமிழ் இளைஞர் மணிமன்றமாக வளர்ந்து, இன்றும் இயங்குகின்றன. அதே முரசு 1955இல் ‘தமிழ் எங்கள் உயிர்’ என்று ஆளுக்கு ஒரு வெள்ளி கேட்டு, மலாயாப் பல்கலைக்கழக இந்தியவியல் துறையின் தமிழ் நூலகத்துக்குப் பணம் திரட்டியபோது எளிய மக்கள் கொடுத்தார்கள். சேர்ந்து செய்ய ஒரு காரியம் இருந்தால் முகம் தெரியாதவர்களும் சேர்வார்கள்.

திரை வகுப்பில் முகம் தெரிகிறது, குரல் கேட்கிறது, பதில் நொடியில் வருகிறது. இருந்தும் எல்லாக் கோடுகளும் ஆசிரியரை நோக்கியே ஓடுகின்றன. தொலைக்கல்வி ஆய்வாளர் மைக்கேல் மூர் 1989இல் மூன்று உறவுகளைப் பிரித்துச் சொன்னார்: மாணவருக்கும் பாடத்துக்கும், மாணவருக்கும் ஆசிரியருக்கும், மாணவருக்கும் மாணவருக்கும். நாம் முதல் இரண்டுக்குப் பணமும் உழைப்பும் கொடுத்தோம். மூன்றாவது தானாக வரும் என்று விட்டுவிட்டோம். போதாக்குறைக்கு, 2020 ஏப்ரலில் வெளியாட்கள் ஒரு ஸூம் வகுப்புக்குள் புகுந்து அநாகரிகமாக நடந்துகொள்ள, கல்வி அமைச்சு அந்தச் செயலியைச் சில நாள் நிறுத்திவைத்தது. பிள்ளைகளின் பாதுகாப்புக்கு அது தேவைதான். ஆனால் கதவுகளை இறுக்க இறுக்க, மாணவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் இடமும் குறுகத்தான் செய்யும்.

திரைக்கு ஒரு நியாயமும் செய்ய வேண்டும். நன்றாக எழுதத் தெரிந்தவருக்கே அச்சில் இடம். மற்றவர் வெறும் வாசகர். இணைய வகுப்பிலோ வாய் திறக்கக் கூசும் பிள்ளைகூட ஒரு வரி தட்டச்சு செய்துவிட முடியும்.

ஆனாலும் சக மாணவரோடு பேசும் இடம் குறைவது தமிழ் படிக்கும் பிள்ளைக்கு இரட்டிப்பு இழப்பு. அவன் பள்ளியில் தமிழ் எடுப்பவர் விரல்விட்டு எண்ணும் அளவே இருக்கலாம். அப்படிப்பட்ட பள்ளிகளின் உயர்நிலை மாணவர்கள், சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் பீட்டி சாலையில் உள்ள உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையத்துக்கு வந்து படிக்கிறார்கள். 1946இல் தொடங்கி 1982இல் மூடப்பட்ட தமிழ்ப் பள்ளியின் பெயரைத் தாங்கியது அது. அங்கே அந்தப் பிள்ளைக்குத் தமிழில் கிண்டலடிக்கத் தன் வயதுத் தோழர்கள் கிடைக்கிறார்கள். வகுப்பு திரைக்குப் போனால் பாடம் கூடவே போகும்; பேருந்து நிறுத்தம் வரை நடந்தபடி பேசும் பேச்சு போகாது. வேலை பார்த்துக்கொண்டே சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பட்டம் படிப்பவர்களும் இணைய வகுப்பு முடிந்ததும் தனியாகத்தான் இணைப்பைத் துண்டிக்கிறார்கள்.

கொவிட் போய்விட்டது, இனி எதற்கு இந்தப் பேச்சு என்று கேட்கலாம். உயர்நிலைப் பள்ளிகளில் மாதத்துக்குச் சுமார் இரண்டு நாள் வீட்டிலிருந்து கற்பது இப்போது வழக்கமாகிவிட்டது. ஆகவே மணிமன்றத்திடம் கேட்டுப் பெற வேண்டியதைப் பெறலாம். அறிமுக விளையாட்டுகள் போதா. ஒரு மாணவர் எழுதியதை ஆசிரியர் மதிப்பெண் இடுமுன் இன்னொரு மாணவர் படித்து இரண்டு வரி எழுதட்டும். ஐந்தாறு பேர் கொண்ட குழுவை வாரத்துக்கு வாரம் கலைக்காமல் ஆண்டு முழுவதும் வைத்திருக்கலாம். அதற்குச் செயலாளராக ஒரு மாணவரே இருக்கலாம். ஏப்ரலில் தமிழ்மொழி விழா வருகிறது. அந்தக் குழுக்கள் தாங்களே ஒரு நிகழ்ச்சியைத் திட்டமிட்டு, கேம்பல் லேனில் இந்திய மரபுடைமை நிலையத்தின் வாசலிலோ பீட்டி சாலையிலோ நேரில் கூடட்டும். நாற்காலி போடும் வேலையையும் அவர்களிடமே விட்டுவிடலாம்.