ஐலா தீவின் விஸ்கி ஆலைகள்: உரிமை கைமாறிய வரலாறு

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையை ஒட்டிய ஐலா தீவில் விஸ்கி வடிப்பது முதலில் குத்தகை விவசாயிகளின் துணைத்தொழில். லஃப்ரோய்க், ஆர்ட்பெக் ஆகிய ஆலைகள் 1815-ஐத் தம் தொடக்க ஆண்டாகக் கொள்கின்றன. 1823-ஆம் ஆண்டின் கலால் சட்டம் தீர்வையைக் குறைத்து, உரிமக் கட்டணத்தை 10 பவுண்டாக நிர்ணயித்தது. திருட்டுத்தனமாக வடித்துவந்த பலரும் அதன்பின் உரிமம் பெற்றுத் தொழில் நடத்த முன்வந்தனர்.

ஆனால் செப்பு வாலையில் இறங்கும் சாராயம் அன்றே விஸ்கியாகிவிடாது. ஓக் மரப் பீப்பாயில் அது குறைந்தது 3 ஆண்டுகள் முதிர வேண்டும் என்பது முதல் உலகப் போர்க் காலத்தில் சட்டமாயிற்று. நல்ல சரக்கு 10 ஆண்டுகளுக்கு மேலும் காத்திருக்கும். அதில் ஆண்டுக்குச் சுமார் 2 விழுக்காடு ஆவியாகிப் போகும். பார்லிக்கும் எரிபொருளுக்கும் கூலிக்கும் இன்றே பணம் வேண்டும். விற்பனையோ பத்தாண்டு தள்ளி. உரிமை மாற்றங்களுக்கு வேர் இந்த இடைவெளிதான். கையில் முதல் குறைந்தவர் விற்றார். வருங்காலத் தேவையைத் தப்பாகக் கணித்தவர் மூடினார்.

1898-இல் லீத் நகரின் பேட்டிசன் விஸ்கி நிறுவனம் திவாலானபோது அந்த அதிர்ச்சி தொழில் முழுவதையும் தாக்கியது. அதன்பின் பல ஆலைகளை வாங்கிச் சேர்த்தது, 1877-இல் ஆறு தானிய விஸ்கி ஆலைகள் இணைந்து உருவாக்கிய டிஸ்டிலர்ஸ் கம்பெனி. 1925-இல் ஜான் வாக்கர், புக்கானன்-டூவர் ஆகிய விஸ்கி நிறுவனங்கள் அதனுடன் இணைந்தன. அதன் வசமிருந்த போர்ட் எலன் ஆலை 1929-இல் மூடப்பட்டு, 1967-இல் திறக்கப்பட்டு, இருப்பு மிகுந்த 1983-இல் மீண்டும் மூடப்பட்டது.

லஃப்ரோய்க்கின் கதை வேறு. 1934-இல் தற்காலிக அலுவலக வேலைக்கு வந்த பெஸ்ஸி வில்லியம்சனிடம், 1954-இல் இறந்த உரிமையாளர் இயன் ஹண்டர் ஆலையை விட்டுச் சென்றார். விஸ்கி உலகில் பெண்ணொருவர் ஆலை நடத்துவது மிக அரிதாக இருந்த காலம் அது. அவரும் புதுப்பிப்புக்கு முதல் தேடி, 1960-களில் பங்குகளைப் பெருநிறுவனத்துக்கு விற்க வேண்டியதாயிற்று.

ஆர்ட்பெக்கை 1977-இல் ஹைரம் வாக்கர் நிறுவனம் முழுமையாக எடுத்துக்கொண்டது; 1981-இல் வாலைகள் நின்றன. அடுத்து வந்த அலைடு நிறுவனத்திடம் லஃப்ரோய்க்கும் சேர்ந்திருந்ததால், ஒரே பாணியிலான புகைமணச் சரக்குக்கு இரண்டு ஆலைகள் மிகையாயின. 1989 முதல் 1996 வரை ஆர்ட்பெக்கில் சிறிதளவே உற்பத்தி நடந்தது. 1997-இல் வாங்கிய கிளென்மோரஞ்சி நிறுவனம்தான் அதை மீட்டது. முளைகட்டிய பார்லியை உலர்த்திய பழைய சூளைக்கூடம் அப்போது உணவகமாயிற்று.

1881-இல் ஹார்வி சகோதரர்கள் கட்டிய புரூக்லாடிக், வைட் அண்ட் மெக்கே நிறுவனத்தின் கைக்குப் போனபின் மூடப்பட்டது. 2000-இறுதியில் மார்க் ரேனியர் தலைமையிலான குழு அதை வாங்கி, அடுத்த ஆண்டே ஓடவிட்டது. பழைய திறந்த வார்ப்பிரும்புத் தொட்டியைக்கூட அவர்கள் மாற்றவில்லை. அந்தப் பிடிவாதத்துக்கு நல்ல விலை கிடைத்தது: 2012-இல் ரெமி குவாந்த்ரோ நிறுவனம் ஆலையை 5.8 கோடி பவுண்டுக்கு வாங்கியது. புரூக்லாடிக்கின் முந்தைய உரிமையாளரான வைட் அண்ட் மெக்கேயும் கைமாறியது: அதை 2007-இல் இந்தியாவின் யுனைடெட் ஸ்பிரிட்ஸ் 59.5 கோடி பவுண்டுக்கு வாங்கியிருந்தது. யுனைடெட் ஸ்பிரிட்ஸ், டிஸ்டிலர்ஸ் கம்பெனியின் வழிவந்த டியாஜியோவின் கட்டுப்பாட்டுக்குள் வந்ததும், பிரிட்டனின் போட்டி ஒழுங்குமுறை அமைப்பு தலையிட்டது. அதனால் 2014-இல் வைட் அண்ட் மெக்கே 43 கோடி பவுண்டுக்குப் பிலிப்பைன்ஸின் எம்பரடாருக்குப் போயிற்று.

அதே டியாஜியோ, போர்ட் எலனை 2024 மார்ச்சில் மீண்டும் திறந்தது. அங்கு வடிக்கப்படும் புதிய சாராயத்தை 2027-க்கு முன் விஸ்கி என்ற பெயரில் விற்க முடியாது.