பண்டைத் தமிழர் மனையும் பருவமும்

பண்டைத் தமிழர் தம் மனைகளிற் குளிர்ச்சியும் வெம்மையும் பேணியவாற்றை அறிதற்கு நக்கீரரது நெடுநல்வாடை தக்க சான்றாகும். வேனிற்குரிய மேனிலைப் பள்ளி தென்றல் புகும் சாளரமுடையது. கூதிர் வந்ததும் அதன் கதவு தாழிடப்படும். கம்மியன் புனைந்த வட்ட விசிறி சுருக்கித் தொங்கவிடப்படும். குறுகிய வாயுடைய கன்னலின் தண்ணீரை எவரும் விரும்பார். அகன்ற வாயுடைய தடவில் நெருப்பு மூட்டப்படும். சிலப்பதிகாரமும் வேனிற்பள்ளி, கூதிர்ப்பள்ளி எனப் பிரித்தோதும். ஒரே மனை பருவத்துக்கேற்பத் தன் கருவிகளை மாற்றிக்கொண்டது என்க. தொங்கிய விசிறியிற் சிலந்திநூல் படர்ந்ததையும் புலவர் மறவாது கூறுகின்றார். செல்வர் மனையிலும் பருவங்கழிந்த பொருளைத் துடைத்துவைப்பார் இலர் போலும்!

ஆயின் இவை மாடத்தில் வாழ்ந்தார்க்கே உரியன. அப்பாட்டின் தொடக்கத்தில், மழைவெள்ளத்தால் நிரையை வேறு புலத்துக்குச் செலுத்திய கோவலர்க்குத் தடவும் இல்லை, தாழிட்ட கதவும் இல்லை. கையிலேந்திய தீக்கொள்ளியே கணப்பாக அவர் நடுங்கி நின்றனர்.