செம்முதுகு சாலமாண்டர்

செம்முதுகு சாலமாண்டர் (பிளெத்தோடான் சினேரியஸ்) வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக் காடுகளில் வாழும் சிறிய நீர்நில வாழ்வி. தென்கிழக்குக் கனடா முதல் வட கரோலினா வரையிலும், மேற்கே மினசோட்டா வரையிலும் பரவியுள்ளது. ஜேக்கப் கிரீன் 1818-இல் இதை முதன்முதலில் விவரித்தார்.

தோற்றம்

உருவம் பல்லியை ஒத்திருந்தாலும் செதிலோ நகமோ கிடையாது. வாலோடு சேர்த்துப் பெரும்பாலும் 6 முதல் 10 செ.மீ. நீளம் இருக்கும். முன்கால்களில் 4 விரல்களும் பின்கால்களில் 5 விரல்களும் உண்டு. முதுகில் செந்நிறப் பட்டை கொண்டவை, பட்டையின்றி ஈய நிறத்தில் இருப்பவை என இரு வகைகள் ஒரே காட்டில் காணப்படுகின்றன. லத்தீனில் ‘சினேரியஸ்’ என்றால் சாம்பல் நிறம்.

மூச்சும் வாழிடமும்

இதற்கு நுரையீரல் இல்லை. தோலாலும் வாயின் உட்படலத்தாலும் மூச்சுவிடுகிறது. தோல் உலர்ந்தால் மூச்சு நின்றுவிடும். அதனால் பகலில் சருகு, கல், மட்கிய மரக்கட்டை ஆகியவற்றின் அடியில் தங்கி, ஈரமான இரவுகளில் இரை தேடுகிறது. சிற்றுண்ணி, எறும்பு, வால்துள்ளிப்பூச்சி போன்றவை இதன் உணவு. வறண்ட நாட்களில் ஈரமுள்ள கட்டையடி அரிய சொத்து என்பதால், எச்சத்தாலும் தோல்சுரப்பாலும் எல்லை குறித்து அதைக் காக்கிறது. எதிரி பிடித்தால் வாலைத் துண்டித்துவிட்டுத் தப்பும்; வால் மீண்டும் வளரும். குளிர்காலத்தில் உறைபனி எட்டாத ஆழத்துக்கு மண்ணுக்குள் இறங்கிவிடும்.

இனப்பெருக்கம்

பல சாலமாண்டர்களைப் போல முட்டையிட நீர்நிலையைத் தேடிச் செல்வதில்லை. கோடையில் பெண் மட்கிய கட்டையின் பொந்தில் கொத்தாக முட்டையிட்டு, பொரியும்வரை பல வாரங்கள் அருகிலேயே சுருண்டு காவலிருக்கும். செவுளுள்ள இளம்பருவம் முட்டைக்குள்ளேயே கழிந்துவிடுவதால், குஞ்சுகள் தாயின் சிறு வடிவமாகவே வெளிவருகின்றன.

சூழலியல் இடம்

நியூ ஹாம்ஷயரின் ஹப்பர்ட் புரூக் காட்டில் நடந்து 1975-இல் வெளியான ஆய்வின்படி, அங்குள்ள சாலமாண்டர்களின் மொத்த எடை, இனப்பெருக்கக் காலத்துப் பறவைகளின் எடையைப் போல ஏறத்தாழ இருமடங்கு. அதில் பெரும்பங்கு இந்த ஓர் இனத்தினுடையது. சருகுப் பூச்சிகளைத் தின்று, பாம்பு, பறவை, மூஞ்சூறு ஆகியவற்றுக்கு இரையாவதன் மூலம், மண்ணின் ஊட்டத்தை மேலுள்ள உயிர்களிடம் இது சேர்க்கிறது.

பாதுகாப்பு

தற்போது அழியும் நிலையில் இல்லை. ஆயினும் மரங்களை முற்றாக வெட்டினால் தரை உலர்ந்து எண்ணிக்கை சரிகிறது. மண்ணின் அமிலத்தன்மை மிகுந்தாலும் தாங்காது. ஐரோப்பியச் சாலமாண்டர்களைக் கொன்ற தோல்பூஞ்சை நுழையாதிருக்க, 2016-இல் அமெரிக்கா 201 சாலமாண்டர் இனங்களின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. தோலே மூச்சான உயிருக்கு அந்நோய் பேரிடர். காட்டுக்குள் விழுந்த மரத்தை விழுந்த இடத்திலேயே மட்க விடுவது இவ்வினத்துக்கு நாம் செய்யக்கூடிய எளிய, பெரிய உதவி.