'படு' என்னும் வினையும் பழைய செய்தி எழுத்தும்

தமிழில் நமக்குக் கிடைத்துள்ள பழைய செய்தி எழுத்துகளுள் நடுகற்களும் அடங்கும். தமிழ்நாட்டுத் தொல்பொருள் ஆய்வுத்துறை 1972-இல் நூலாக வெளியிட்ட செங்கம் நடுகற்களை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். எந்த மன்னனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்த ஊர், எவர் கவர்ந்த ஆநிரை, அதனை மீட்கப் போரிட்டவன் எவன் என்பவற்றைச் சுருங்கச் சொல்லிப் 'பட்டான்' என்று செய்தியை முடிப்பது அக்கற்களில் காணப்படும் வழக்கு. பட்டான் என்றால் வீழ்ந்தான் என்பது பொருள். வீழ்ந்தவனுக்குப் பெயருண்டு, அவன் செய்த செயலும் உடன் நிற்கிறது.

இதே 'படு' துணைவினையாகிச் செயப்பாட்டுவினையை அமைக்கும். பழந்தமிழில் அரிதாக வழங்கிய இவ்வமைப்பு, நாளிதழ்க் காலத்தில் பெருகிற்று. 1882-இல் தொடங்கிய 'சுதேசமித்திரன்' 1899-இல் நாளிதழாயிற்று. 1904-இல் அவ்விதழில் சேர்ந்த பாரதியாருக்கு, ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்குவது முக்கியப் பணியாக இருந்தது. தந்தியில் வந்த செய்தியை விரைந்து மொழிபெயர்க்கையில், ஆங்கிலத் தொடரின் சாயல் தமிழிலும் படிவது இயல்பே.

மலாயாவில் 1924-இல் 'தமிழ் நேசன்' தோன்றியது; 1935-இல் சிங்கப்பூரில் 'தமிழ் முரசு' பிறந்தது. தோட்ட மக்களின் வாழ்வு இவ்வேடுகளில் செய்தியாயிற்று. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். ஊதிய உயர்வோடு, துரையைக் கண்டதும் மிதிவண்டியிலிருந்து இறங்கும் வழக்கம் ஒழியவேண்டும், கள்ளுக்கடைகள் மூடப்படவேண்டும் என்றும் கேட்டனர். தலைவர் ஆர். எச். நாதன், 'தமிழ் நேச'னின் துணையாசிரியர். அவர் கைது செய்யப்பட்டார், நாடு கடத்தப்பட்டார். தொழிலாளர் ஐவர் உயிரிழந்தனர். இங்கே 'செய்தனர்', 'கேட்டனர்' என்ற வினைகளுக்குரிய எழுவாய் தொழிலாளர். 'செய்யப்பட்டார்', 'கடத்தப்பட்டார்' என்பவற்றைச் செய்தவர் எவர்? தொடரில் அவருக்கு இடமில்லை.

1949 மே 4-ஆம் நாள், தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதி புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். தூக்கிலிட்டது காலனி அரசு. அதனை எழுவாயாக வைத்தால் செய்தி குற்றச்சாட்டாக ஒலிக்கும். 'படு' வந்தால் நிகழ்ச்சி மட்டும் நிற்கும். 1948-இல் அவசர காலமும் அச்சகச் சட்டமும் வந்துவிட்ட சூழலில், இதழாசிரியருக்கு அவ்வினை ஒரு காப்பாகவும் அமைந்தது என்பதை மறத்தலாகாது.

1950-களில் பெருந்தோட்டங்கள் கூறுகூறாக விற்பனையாயின. 'தோட்டம் துண்டாடப்பட்டது' என்பது அக்காலத்தின் துயரத் தொடர். விற்றவரும் வாங்கியவரும் அதில் இல்லை. வேலையும் குடியிருப்பும் இழந்த குடும்பங்களும் இல்லை. 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் முயற்சியால் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் எழுந்தது. மாதம் பத்து வெள்ளி செலுத்திய தொழிலாளர், கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கினர். 'வாங்கினர்' என்ற செய்வினையில் தொழிலாளர் மீண்டும் எழுவாயாயினர்.

செயப்பாட்டுவினை பிழையன்று. செய்தவர் அறியப்படாதபோதும், செயலுக்கு ஆளானவரே முதன்மை பெறும்போதும் அது வேண்டுவதே. அறிந்த ஒருவரை மறைக்க அது பயன்படும்போதுதான் ஆசிரியர் விழிப்புடன் இருத்தல் வேண்டும். 'செய்தவர் யார்?' என்னும் ஒரு வினாவே மாணவர்க்கு இலக்கணப் பயிற்சியும் வரலாற்றுப் பயிற்சியும் ஆகும்.

'படு' என்னும் முதனிலை திரிந்து 'பாடு' எனத் தொழிற்பெயராகும். 'பாடுபட்டார்' என்பதில் அவ்வினை இருமுறை நிற்கிறது. துன்பத்தை ஏற்றவரே உழைப்பைச் செய்தவருமாகிறார். சுவா முதலிய நெகிரி செம்பிலான் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய முன்னோரைப் பற்றி எழுதும் மாணவர், 'காடுகள் அழிக்கப்பட்டன, ரப்பர் பயிரிடப்பட்டது' என்று முடித்துவிடலாகாது. காட்டை அழித்தவர் எவர், கன்றை நட்டவர் எவர் என்று பெயர் கேட்டு எழுதுதல் வேண்டும். நடுகல்லில் ஒரு வீரனுக்குக் கிடைத்த இடம், பாடுபட்டவர்க்கு ஒரு கட்டுரையிலேனும் கிடைத்தல் வேண்டும்.