ஆங்கிலத்தில் உவமை

ஒரு பொருளைப் பிறிதொரு பொருளோடு ஒப்பிட்டுரைப்பது எல்லா மொழியினர்க்கும் இயல்பு. ஆங்கிலப் பள்ளியிற் பயின்ற நாம், தேனீயைப்போற் சுறுசுறுப்பு, நரியைப்போல் தந்திரம் என்று ஆங்கில உவமைகளை வரிசையாக மனப்பாடஞ் செய்தோம். அவற்றிற்கு உருபாக நிற்குஞ் சொற்கள் எங்கிருந்து வந்தன என்று வினவினோமில்லை.

'லைக்' என்பதன் பழைய வடிவம் 'யெலீச்'. அதிலுள்ள 'லீச்' உடலைக் குறிக்கும். ஆகவே அச்சொல்லின் முதற்பொருள் 'ஒத்த உடலுடையது' என்பதாம். ஆங்கில நாட்டுக் கோயில்களிற் பிணத்தை இறக்கிவைக்கும் கூரைவாயிலை 'லிச்கேட்' என்பதும் அவ்வேரினின்றே வந்தது. நம் தொல்காப்பியரும் உவமை பிறக்குமிடம் வினை, பயன், மெய், உரு என நான்காக வகுத்து, மெய்யையும் அவற்றுள் வைத்தார்.

ஏறக்குறைய 1000-ஆம் ஆண்டில் ஏட்டிலெழுதப்பெற்ற 'பேவுல்ஃப்' என்னும் காவியத்தில் உவமைகள் மிகச் சில. கடல்மீது விரையும் மரக்கலத்தைப் பறவைக்கு ஒப்பிடுமிடத்தில் இப்பழஞ் சொல்லே வருகின்றது. ஒப்புமையோ விரைவு ஒன்றே.

பின்வந்த புலவர், இத்தாலியக் கவிகளைப் பின்பற்றி, காதலியின் கண்ணை ஞாயிறென்றும் இதழைப் பவளமென்றும் புனைந்து சலித்தனர். 1609-இல் அச்சேறிய ஷேக்ஸ்பியரின் பாக்களுள் 130-ஆவது, அப்பொய்யுவமைகளை எள்ளி நகையாடுகின்றது. 1667-இல் தாமஸ் ஸ்பிராட், ராயல் சொசைட்டியின் வரலாற்றை எழுதுங்கால், புலவர் நடையினும் தொழிலாளர், நாட்டுப்புறத்தார், வணிகர் ஆகியோரின் நேரிய மொழியே அச்சங்கத்தார்க்கு உகந்தது என்றார். 1946-இல் ஜார்ஜ் ஆர்வெல், அச்சிற் பார்த்துப் பழகிய உவமையை ஒருபோதும் ஆளற்க என விதித்தார்.

இவ்வரலாறு நமக்கும் பாடமாகும். மேடையில் ஒருவரைச் சூரியனென்கிறோம். தோட்டத்து உழைப்பாளியை மாடென்கிறோம். முன்னதில் ஆராய்ச்சி மடிகின்றது. பின்னதில் மானம் மடிகின்றது. உழைப்பில் ஒப்புமை கூறத் தொடங்கியவன், நாளடைவில் உணர்விலும் உரிமையிலும் வேற்றுமை காணாதவனாகி விடுகின்றான்.

போல என்பது ஒப்புமையேயன்றி ஒருமையன்று. எதில் ஒப்பு, எதில் ஒப்பன்று என்று வினவிய பின்னரே ஓர் உவமையை ஏற்பதும் தள்ளுவதும் அறிவுடையார் கடமையாகும்.